கெட்ட செய்தி மேலே வரும் வழி: நிச்சயமில்லாத காலத்தில் நிர்வாகிகள் தகவலைக் கையாள ஒரு முழு வழிகாட்டி

2000 மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி என்ற ஊரில் மின்னல் அடித்து, பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. சுமார் பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் செய்யும் அறை ஆபரேஷன் தியேட்டரை விடச் சுத்தமாக இருக்க வேண்டிய இடம். அங்கே புகை நுழைந்தாலே போச்சு. தீயணைக்கும் தண்ணீரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பிலிப்ஸ் தன் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் போலத் தாமதமாகும்" என்று சொன்னது.

அந்தத் தொழிற்சாலையின் ஆர்டரில் சுமார் 40 சதவீதம் இரண்டே கம்பெனிகளுடையது. ஒன்று பின்லாந்தின் நோக்கியா, மற்றொன்று சுவீடனின் எரிக்சன். இரண்டுக்கும் போன செய்தி ஒன்றேதான்.

நோக்கியாவில் உதிரிபாகக் கொள்முதலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு வாரத் தாமதம் பெரிய விஷயமில்லை என்று தெரிந்தும் மேலே சொன்னார். அந்தத் தொழிற்சாலையிலிருந்து வரும் ஐந்து பாகங்கள் தனிக் கவனிப்புப் பட்டியலில் ஏறின. வாரத்துக்கு ஒருமுறை விசாரிப்பது தினசரி போன் ஆனது. இரண்டு வாரம் கழித்து, தாமதம் மாதக்கணக்கில் போகும் என்று பிலிப்ஸ் ஒப்புக்கொண்டபோது, ஏறத்தாழ 40 லட்சம் போன்களின் உற்பத்தி ஆபத்தில் இருப்பதை நோக்கியா அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டது. நோக்கியா அதிகாரி பெர்ட்டி கொர்ஹொனென் தலைமையில் சுமார் முப்பது பேர் இறங்கினார்கள். சில சிப்புகளை வேறு இடத்தில் செய்ய முடிகிற மாதிரி வடிவமைப்பை மாற்றினார்கள், மாற்றுச் சப்ளையர்களைப் பிடித்தார்கள். தலைமை நிர்வாகி யோர்மா ஒல்லிலா பிலிப்ஸின் தலைவரிடம் நேரில் உட்கார்ந்து, மற்ற பிலிப்ஸ் ஆலைகளின் உற்பத்தியைக் கேட்டு வாங்கினார்.

எரிக்சனில் அந்தச் செய்தி இரண்டு டெக்னீஷியன்கள் பேசிக்கொண்டதோடு நின்றது. கைப்பேசிப் பிரிவின் தலைவர் காதுக்கு அது எட்டியபோது ஏப்ரல் பிறந்துவிட்டது. செலவைக் குறைக்கச் சப்ளையர்களின் எண்ணிக்கையை ஏற்கெனவே சுருக்கியிருந்ததால், அந்தச் சிப்புகளுக்கு வேறு ஆளும் கிடையாது. சுமார் 40 கோடி டாலர் விற்பனை போனது. அடுத்த ஆண்டே எரிக்சன் தன் கைப்பேசித் தொழிலைச் சோனியோடு கூட்டாக்கிக்கொண்டது. அதற்கு இந்தத் தீ மட்டும் காரணமல்ல. ஆனால் இதுவும் ஒரு காரணம்.

நான் வாகன உதிரிபாகத் தொழிலில் திட்டமிடல் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்தவன். இந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், நாங்கள் எரிக்சன் மாதிரி இருந்தோம். உயர்பதவியில் இருப்பவர் மேஜையில் அறிக்கைக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் இன்னும் உறுதியாகாத, கேட்கக் கசப்பான ஒரு செய்தி அந்த மேஜைக்கு ஏறிவர வழி இருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் இருக்காது. அந்த வழியைப் போடுவதும், வந்த செய்தியை எடைபோட்டு முடிவாக்குவதும் எப்படி என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். நூறு பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் இது பொருந்தும், பெரிய குழுமத்துக்கும் பொருந்தும்.

படி 1: செய்தி எத்தனை நாளில் வருகிறது என்று அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண நோட்டு போதும். நான்கு கட்டம் போடுங்கள்: என்ன நடந்தது, என்றைக்கு நடந்தது, எனக்கு என்றைக்குத் தெரிந்தது, யார் சொன்னார்கள். ஒரு மாதம், உங்கள் காதுக்கு வரும் முக்கியமான செய்தி ஒவ்வொன்றையும் இதில் எழுதுங்கள். நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டும்.

மாதக் கடைசியில் பார்த்தால், நல்ல செய்தி அன்றைக்கே வந்திருக்கும். புது ஆர்டர் கிடைத்தால் மூன்று பேர் போன் பண்ணியிருப்பார்கள். கெட்ட செய்திக்கு எத்தனை நாள் ஆனது என்பதுதான் நீங்கள் தேடும் எண்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு வார்ப்புப் பாகம் கொடுத்துக்கொண்டிருந்த சப்ளையரின் டை (வார்ப்பு அச்சு) விரிசல் விட்டுவிட்டது. ஸ்டோர்ஸில் இருந்தவருக்கு அது செவ்வாய்க்கிழமை காலையிலேயே தெரியும். சப்ளையரின் லாரி டிரைவர் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்தது ஒன்பது நாள் கழித்து. எம்.டி.க்குத் தெரிந்தது பத்தொன்பதாம் நாள், அதுவும் எங்கள் வாடிக்கையாளர் வாயிலிருந்து.

பிறகு உட்கார்ந்து விசாரித்தால், யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. "சரிபண்ணிடுறேன்னு சப்ளையர் சொன்னாரு, அதனால விட்டுட்டேன்" என்றார் ஸ்டோர்ஸ்காரர். "வேற ஆள்கிட்ட விலை கேட்டிருந்தோம், அது வந்ததும் சேர்த்துச் சொல்லலாம்னு இருந்தோம்" என்றது கொள்முதல் பிரிவு. நான் என்ன செய்தேன்? வியாழக்கிழமை ரிவ்யூ கூட்டத்தில் ஒரு தீர்வோடு சொல்லலாம் என்று காத்திருந்தேன். ஒவ்வொருவர் நியாயமும் தனித்தனியாகச் சரிதான். சேர்த்துப் பார்த்தால் பத்தொன்பது நாள்.

"பிரச்சினையோடு வராதே, தீர்வோடு வா" என்று பல அலுவலகங்களில் பெருமையாகச் சொல்வார்கள். தயவுசெய்து அந்த வாசகத்தை உங்கள் நிறுவனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தீர்வு கைக்கு வரும்வரை செய்தியைப் பூட்டி வைக்கச் சொல்லும் உத்தரவு அது. கொர்ஹொனென் குழுவின் கையில் தீர்வு இருந்ததற்குக் காரணம், தீர்வே இல்லாத கட்டத்தில் கொள்முதல்காரர் வாய் திறந்ததுதான்.

படி 2: முடிவுகளை முதலில் எழுதுங்கள், தகவல் அப்புறம்

எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பவர் எதையும் தெரிந்துகொள்ள மாட்டார். அடுத்த ஆறு மாதத்தில் நீங்களே எடுக்க வேண்டிய முடிவுகள் என்னென்ன? பெரும்பாலானவர்களுக்கு ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கும். இரண்டாவது ஷெட் போடுவதா, ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பதைக் குறைப்பதா, கடனை இப்போது புதுப்பிப்பதா என்கிற மாதிரி.

ஒவ்வொரு முடிவுக்கும் கீழே ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: "எது தெரிந்தால் நான் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்?" அந்தப் பதிலில் வரும் தகவல்தான் உங்களுக்கு வேண்டியது. எந்தப் பதிலிலும் வராத அறிக்கைகளை நிறுத்தச் சொல்லிவிடலாம். வாரா வாரம் முப்பது பக்கம் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு பையன் உங்களுக்கு நன்றி சொல்வான்.

இன்னொரு பிரிவினையும் இங்கேயே செய்துவிடுங்கள். திரும்பி வர முடிகிற முடிவு எது, முடியாதது எது? ஒரு சப்ளையரிடம் சிறு ஆர்டர் கொடுத்துப் பார்ப்பது திரும்பி வரக்கூடியது. நிலம் வாங்குவது அப்படியல்ல. முதல் வகைக்குக் கொஞ்சம் தகவல் போதும், சீக்கிரம் எடுங்கள். மெதுவாக, ஆழமாக யோசிக்கும் நேரத்தை இரண்டாம் வகைக்குச் சேமித்து வையுங்கள். அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2016-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில், பெரும்பாலான முடிவுகளை நாம் விரும்பும் தகவலில் சுமார் 70 சதவீதம் கையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். 90 வரும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் தாமதமாகிவிடும் என்பது அவர் கணக்கு.

படி 3: கசப்பான செய்திக்குப் பாதை போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

2000-இல் அவ்வளவு விழிப்பாக இருந்த அதே நோக்கியா, பத்து ஆண்டுக்குள் என்ன ஆனது என்று பாருங்கள். 2007-இல் உலக ஸ்மார்ட்போன் சந்தையில் ஏறத்தாழ பாதி அவர்களிடம். அந்த ஆண்டு ஜூனில் ஐபோன் கடைக்கு வந்தது. நோக்கியாவின் பொறியாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். தங்கள் சிம்பியன் மென்பொருள் தொடுதிரைக்கு ஈடுகொடுக்காது என்பது உள்ளே பலருக்கும் தெரிந்திருந்தது. அப்புறம் ஏன் மேலே போகவில்லை?

டிமோ வுவோரி, குய் ஹுய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நோக்கியாவின் மேல்நிலை, நடுநிலை மேலாளர்களையும் பொறியாளர்களையும் பேட்டி எடுத்து 2016-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது பயம். மேலே இருந்தவர்களுக்குப் போட்டியாளர்கள் மேலும் பங்குதாரர்கள் மேலும் பயம். அதனால் கீழே இருந்தவர்களை விரட்டினார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு மேலே இருப்பவர்களின் கோபத்தின் மேல் பயம். அதனால் முடியாத தேதிகளை "முடியும்" என்று சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் அந்தத் தேதிகளை நம்பித் திட்டம் போட்டார்கள். அறிவாளிகளுக்கோ பணத்துக்கோ அங்கே குறைவில்லை. செய்தி ஏறும் படிக்கட்டுதான் உடைந்திருந்தது.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில், உச்சத்தில் சுமார் எட்டாயிரம் பேர் வேலை செய்தார்கள். நிறையப் பேர் இளம்பெண்கள், குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியவர்கள். கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றபோது, வருமான வரி வழக்கால் இந்த ஆலை அந்த ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. வரிச் சிக்கல் ஒரு தனிக் கதை. ஆனால் அந்தத் தொழிலையே விற்க வேண்டிய நிலை வந்தது, பின்லாந்தின் கூட்ட அறைகளில் பேசப்படாத வார்த்தைகளால். ஒரு நிர்வாகி கசப்பான செய்தியைக் கேட்க மறுத்தால், விலை கொடுப்பவர் பல ஆயிரம் மைலுக்கு அப்பால் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்.

சரி, பாதை போடுவது எப்படி?

முதலில் உங்கள் வாயைக் கவனியுங்கள். ஒருவர் கெட்ட செய்தியோடு வந்ததும் நம் வாயில் தானாக வருவது, "ஏன் முன்னாடியே சொல்லல?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நிமிஷத்தில் அதைக் கேட்டால், அடுத்த முறை அவர் வரவே மாட்டார். அதற்குப் பதில் மூன்று கேள்வி பழகிக்கொள்ளுங்கள்: "உங்களுக்கு நேர்ல தெரிஞ்சது என்ன?", "இன்னும் யாருக்குத் தெரியும்?", "அடுத்த தகவல் எப்போ வரும்?" ஏன் தாமதம் என்பதை ஒரு வாரம் கழித்து, எல்லாம் அடங்கிய பிறகு, ஆளைப் பார்க்காமல் வழியைப் பார்த்து விசாரியுங்கள். டொயோட்டா ஆலைகளில் வேலையாள் ஏதாவது சந்தேகம் வந்தால் தலைக்கு மேல் இருக்கும் கயிற்றை இழுக்கலாம், அல்லது பொத்தானை அழுத்தலாம். அணித்தலைவர் ஓடிவருவார், நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வரிசையே நிற்கும். கயிறு எந்தக் கடையிலும் கிடைக்கும். இழுத்தவரை யாரும் முறைக்காமல் இருப்பதுதான் அங்கே பல வருஷம் பாடுபட்டு உண்டாக்கியது.

இரண்டாவது, உறுதியாகாத செய்திக்குத் தனி இடம் கொடுங்கள். எங்கள் வாரக் கூட்டத்தின் முதல் பத்து நிமிஷத்தை இதற்கென்றே ஒதுக்கினோம். "நெருடுது" என்று அதற்குப் பேர் வைத்தோம். ஆதாரம் வேண்டாம், தீர்வு வேண்டாம், மனசில் நெருடுவதைச் சொன்னால் போதும். முதல் மூன்று வாரம் யாரும் பேசவில்லை. நான்காவது வாரம் தலைமையில் இருந்தவரே தன் தப்பு ஒன்றைச் சொன்னார். அதன்பிறகுதான் மற்றவர்கள் வாய் திறந்தார்கள்.

மூன்றாவது, நடுவில் இருப்பவர்களைத் தாண்டிப் போய்க் கேளுங்கள். ஆனால் வேவு பார்க்கிற மாதிரி இருக்கக் கூடாது. நடுவில் இருப்பவருக்குத் தெரிந்தே போங்கள், கேட்டதை வைத்து அவரைக் குடையாதீர்கள். யாரிடம் போவது? டெஸ்பாட்ச் கிளார்க், ஸ்டோர்ஸ், சர்வீஸ் டெக்னீஷியன், சப்ளையரின் வண்டி ஓட்டுபவர், பணம் வசூலிக்கப் போகும் பிரதிநிதி. சந்தை மாறுவது இவர்கள் கண்ணில்தான் முதலில் படும். வாடிக்கையாளர் செக்கை மூன்று நாள் தள்ளிக் கொடுக்க ஆரம்பித்தார் என்பது வசூலுக்குப் போனவருக்குத் தெரியும். உங்கள் காலாண்டு அறிக்கையில் அது வர நான்கு மாதம் ஆகும். டீ நேரம் நல்ல நேரம். கையில் நோட்டு வேண்டாம்.

படி 4: வந்த செய்தியை எடைபோடுங்கள்

பாதை திறந்ததும் செய்தி கொட்டும். அதில் பாதி சத்தம்தான். எடைபோட எனக்கு உதவிய வழி, எந்தக் குறிப்பைப் படித்தாலும் மூன்று நிறப் பேனாவால் கோடு போடுவது. நேரில் பார்த்தது நீலம். பார்த்ததிலிருந்து யூகித்தது பச்சை. நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவது சிவப்பு. நம்மிடம் வரும் பெரும்பாலான அறிக்கைகளில் நீலக் கோடு இரண்டு வரிக்கு மேல் இருக்காது. முதல் தடவை செய்து பார்க்கும்போது மனசு கொஞ்சம் கலங்கும்.

ஆல்புகர்க்கிக்குத் திரும்பிப் போங்கள். "தீப்பிடித்தது" என்பது நீலம். "ஒரு வாரம் தாமதம்" என்பது பச்சையும் சிவப்பும் கலந்தது. சேதம் முழுதாகத் தெரியாத நிலையில், பெரிய வாடிக்கையாளரை இழக்கக் கூடாதே என்ற கவலையும் சேர்ந்து சொன்னதாக இருக்கலாம். நோக்கியா முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தினமும் சோதித்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் நம்பலாம் என்று நினைப்போம். அந்த மூவரும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டவர்களா என்று முதலில் கேளுங்கள். ஒரே வாட்ஸ்அப் குழுவில் படித்துவிட்டு மூவரும் சொன்னால், அது ஒருவர் சொன்னதற்குச் சமம். "இது உங்களுக்கு எங்கே இருந்து வந்தது?" என்று இரண்டு படி பின்னால் போய்க் கேட்டால் பெரும்பாலும் மூலம் தெரிந்துவிடும்.

படி 5: சொற்களை எண்ணாக மாற்றுங்கள்

1951-இல் அமெரிக்க உளவு மதிப்பீட்டுப் பிரிவு, யூகோஸ்லாவியா மேல் படையெடுப்பு நடக்கும் சாத்தியத்தைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. "கவனத்தில் கொள்ள வேண்டிய அளவுக்கு வாய்ப்பு உண்டு" என்கிற பொருளில் ஒரு சொற்றொடர் அதில் இருந்தது. ஷெர்மன் கென்ட் என்ற அதிகாரி, அறிக்கையைச் சேர்ந்து எழுதிய தன் சகாக்களிடமே அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். ஒருவர் நூற்றுக்கு 20 என்றார், இன்னொருவர் 80 என்றார். ஒரே சொல்லில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நம் அலுவலகங்களில் இது தினமும் நடக்கிறது. "ஆயிடும் சார்." "பார்த்துக்கலாம்." "பேசிக்கிட்டிருக்கோம்." "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு." நான் ஒரு வருஷம் இந்த வார்த்தைகளைத் தேதியோடு எழுதி வைத்துப் பார்த்தேன். "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு" என்று சொன்ன வேலைகளில் பாதிக்கும் மேல் அந்த வாரம் முடியவில்லை. "பேசிக்கிட்டிருக்கோம்" என்றால் இன்னும் போனே போடவில்லை என்று பல நேரம் பொருள். இதில் பொய் எதுவும் இல்லை. "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம்.

அதனால் மரியாதைக்குப் பங்கம் வராத ஒரு கேள்வி வேண்டும். "பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள வந்திரும் சார்." "பத்துக்கு எத்தனை?" கொஞ்ச நேரம் யோசிப்பார். "ஆறு சார்." ஆறு என்று சொல்வது யாருக்கும் அவமானமில்லை. ஆனால் ஆறு என்றால் மாற்று வழியை இன்றைக்கே தேட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து, "ஏழு ஆகணும்னா என்ன நடக்கணும்?" என்று கேட்டால், வேலை எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் வெளியே வரும்.

இந்த எண்களை எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், எட்டு என்று சொன்னால் எட்டாகவே இருப்பவர் யார், எதற்கும் ஒன்பது சொல்பவர் யார் என்று தெரியும். உங்கள் சொந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்படி.

படி 6: ஒன்றுக்கு மேற்பட்ட நாளையை எழுதுங்கள்

எண்ணெய் நிறுவனமான ஷெல்லில் 1970-களின் தொடக்கத்தில் பியர் வாக்கும் அவர் குழுவும் செய்த வேலை இன்றைக்கும் இதற்கு நல்ல பாடம். எண்ணெய் விலை இவ்வளவு இருக்கும் என்று ஓர் எண்ணைச் சொல்வதை அவர்கள் விட்டுவிட்டார்கள். உற்பத்தி செய்யும் நாடுகள் விலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கதையாகவே எழுதி மேலாளர்கள் முன்னால் வைத்தார்கள். 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டது. பீப்பாய் மூன்று டாலரை ஒட்டியிருந்த விலை சில மாதத்தில் 12 டாலரை நெருங்கியது. ஷெல்லின் மேலாளர்கள் அந்த உலகத்தை ஏற்கெனவே மனசுக்குள் ஒருமுறை வாழ்ந்து பார்த்திருந்தார்கள். மற்றவர்கள் அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்குள் இவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

இதை அரை நாளில் செய்யலாம். திருப்பூரில் அமெரிக்காவுக்குப் பின்னலாடை அனுப்பும் ஒருவர், 2025 ஆகஸ்ட் கடைசியில் உட்கார்ந்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 7-ஆம் தேதி 25 சதவீதக் கூடுதல் வரி, 27-ஆம் தேதி அது 50 ஆகிவிட்டது. நடுவில் இந்திய அரசு பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியைத் தற்காலிகமாக நீக்கியது. ஜூலையில் பிரிட்டனோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை.

அவருக்கு நிச்சயமில்லாத பெரிய கேள்விகள் இரண்டு: அமெரிக்க வரி எவ்வளவு நாள் நீடிக்கும், வாடிக்கையாளர்கள் நிலைப்பார்களா அல்லது வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ போய்விடுவார்களா? இந்த இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் நான்கு நாளைகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் கதை எழுத வேண்டும்: அந்த உலகத்தில் அடுத்த தீபாவளியின்போது எத்தனை மெஷின் ஓடுகிறது, யாருக்குச் சம்பளம் போகிறது, வங்கி என்ன சொல்கிறது. கதையாக எழுதினால்தான் மூளை நம்பும். அட்டவணையை மூளை நம்பாது.

கதைக்குக் கீழே, அந்த நாளை நெருங்குகிறது என்று காட்டும் முன்னறிகுறிகள் மூன்று எழுதுங்கள். பையிங் ஏஜென்ட் (வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக ஆர்டர் கொடுக்கும் இடையாள்) அடுத்த சீசனின் சாம்பிளைக் கேட்பதை நிறுத்துவது ஓர் அறிகுறி. வரிச் சுமையில் ஒரு பங்கை உங்கள் விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்பது இன்னொன்று. கேட்கிறார் என்றால் இன்னும் போகவில்லை என்று பொருள். பக்கத்து யூனிட்டில் இரவு ஷிஃப்ட் நிற்பது மூன்றாவது. ஒவ்வொரு அறிகுறியையும் கவனிக்க ஓர் ஆளின் பெயர் எழுத வேண்டும். பெயர் எழுதாத அறிகுறியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக, நான்கு நாளைகளிலும் நன்மை தரக்கூடிய ஒரு செயல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், அதை உடனே செய்துவிடலாம். 2011-இல் ஜப்பானில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டா, முக்கியமான சிப்புகளை இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்குச் சப்ளையர்களை இருப்பு வைக்கச் சொன்னது. எந்தக் காரணத்தால் தட்டுப்பாடு வரும் என்று அவர்களுக்குத் தெரியாது; எந்தக் காரணத்தால் வந்தாலும் இருப்பு உதவும். 2021-இன் தொடக்கத்தில் மற்ற கார் கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்தபோது டொயோட்டா ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவர்களுமே குறைக்க வேண்டி வந்தது. ஆனாலும் பல மாத அவகாசம் கிடைத்தது.

நோக்கியாவுக்கும் இந்த வழி மறுபடி கைகொடுத்தது. 2012-இல் தலைவரான ரிஸ்டோ சிலாஸ்மா, நிர்வாகக் குழுவைப் பல மாற்றுப் பாதைகளை எழுதி வைத்துப் பேசப் பழக்கினார். கூட்டு நெட்வொர்க் நிறுவனத்தில் சீமென்ஸுக்கு இருந்த பங்கை வாங்கி, கைப்பேசித் தொழிலை விற்று, பிறகு அல்காடெல்-லூசென்ட் நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு, நோக்கியா நெட்வொர்க் கருவி நிறுவனமாக இன்றும் நிற்கிறது.

படி 7: கூட்டத்தை முடிவுக்காக நடத்துங்கள்

ஸ்லைடு வேண்டாம். இரண்டு பக்கக் குறிப்பு, முழு வாக்கியங்களில். கூட்டத்தின் முதல் பதினைந்து நிமிஷம் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து மௌனமாகப் படிக்கட்டும். படித்துவிட்டு வருவார்கள் என்று நம்ப வேண்டாம்.

பேசும்போது வயதிலும் பதவியிலும் சின்னவர் முதலில், தலைவர் கடைசியில். நம் ஊரில் இது மிக மிக முக்கியம். "அண்ணன் என்ன நினைக்கிறாரு"ன்னு தெரிந்த நொடியில் அறையில் இருக்கும் மற்ற கருத்துகள் எல்லாம் அடங்கிவிடும். பேசத் தயங்குபவர்கள் இருந்தால், பேசுவதற்கு முன் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டது என்று தோன்றும்போது, உளவியலாளர் கேரி கிளைன் சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்றைச் செய்யுங்கள். "இன்றிலிருந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்த முடிவு படுதோல்வி. ஏன் தோற்றது என்று ஐந்து நிமிஷம் எழுதுங்கள்." தோற்குமா என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டால் காரணம் கொட்டும்.

தேங்கி நின்றுவிட்டால் இன்னொரு கேள்வி. 1985-இல் இன்டெல், ஜப்பானிய நிறுவனங்களின் விலையோடு போட்டிபோட முடியாமல் மெமரி சிப் தொழிலில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது. அது அவர்களை வளர்த்த தொழில், விட மனசில்லை. இன்டெல்லின் பிரசிடென்ட் ஆண்டி குரோவ், தலைமை நிர்வாகி கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியென்றால் நாமே வெளியே போய் உள்ளே வந்து அதைச் செய்துவிடலாமே என்றார் குரோவ். மனசு ஒட்டிக்கொண்டிருக்கும் தொழிலை, வாடிக்கையாளரை, மெஷினைப் பற்றி முடிவெடுக்கும்போது இந்தக் கேள்வி உதவும். அப்பா தொடங்கிய தொழில் என்றால் இன்னும் அதிகமாக உதவும், இன்னும் அதிகமாக வலிக்கவும் செய்யும்.

படி 8: முடிவை எழுதிப் பூட்டுங்கள்

இது சின்னப் படி. முதல் படியில் வாங்கிய அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதலாம். தேதி, முடிவு, அன்றைக்குத் தெரிந்தது, தெரியாமல் இருந்தது, பத்துக்கு எத்தனை என்ற உங்கள் எண், எந்த அறிகுறி தெரிந்தால் திரும்பிப் பார்ப்பீர்கள், எந்தத் தேதியில் கட்டாயம் திரும்பிப் பார்ப்பீர்கள். விளைவு தெரிந்த பிறகு இதை மாற்றி எழுதக் கூடாது. "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனசு சொல்லும்போது நோட்டைத் திறந்தால், அப்போது என்ன தெரிந்திருந்தது என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

நான் மாறிப்போன அடுத்த நிறுவனத்தில் இந்த நோட்டை முதல் நாளிலிருந்தே வைத்தேன். இரண்டாம் வருஷம் ஒருநாள் காலை ஆறே முக்காலுக்கு ஸ்டோர்ஸிலிருந்து போன். "சார், உறுதியாத் தெரியல. ஆனா ஃபோர்ஜிங் வண்டி ராத்திரி கிளம்பலையாம். அங்க கரண்ட் பில் கட்டலன்னு டிரைவர் சொல்றாரு." பத்துக்கு எத்தனை என்றேன். நாலு என்றார். நாலுக்கே அன்று மதியம் ஒருவரை அந்தச் சப்ளையர் ஊருக்கு அனுப்பினோம், மாற்று ஆளிடம் பத்து நாள் சரக்குக்குப் பேசி வைத்தோம். நோட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: நடந்தது திங்கள் இரவு, எனக்குத் தெரிந்தது செவ்வாய் காலை, சொன்னவர் ஸ்டோர்ஸ்.